மூன்றாவது தடவை

அந்தத் தெருவில் விருந்தாளியை ஒரே ஒரு தடவை சாப்பிடக் கூப்பிடுகிறவனை மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். கூப்பிட்ட உடனே மடமடவென்று போய் உட்காருகிறவனையும் அப்படித்தான். முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது 'வேண்டாம்' மானத்துக்கு. மூன்றாவது தடவை கேட்ட பிறகு வருகிற பதில்தான் நிஜம். இது பல் முளைத்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். சோளத்தைப் புளிக்க வைத்துக் காடி வடித்து விற்கிற யென் தோங்குக்குத் தெரியாமல் இருக்குமா? நாற்பது வயசு ஆள். தெரியும், நன்றாகவே தெரியும். அதுதான் இங்கே வயிற்றெரிச்சலே.

அன்றைக்கு வருஷத்திலேயே குட்டையான பகல். அன்று ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை தின்னாதவனுக்குக் குளிரில் காது உறைந்து உதிர்ந்துவிடும் என்று அந்த ஊரில் பேச்சு. ஊரை ஒட்டிய ஃபென் ஆறு கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. மழை பொய்த்த வருஷம், தினை பாதிகூடத் தேறவில்லை. யென் தோங் முற்றத்தில் நின்று காடிச் சாடிகளின் மேல் படிந்திருந்த பனிக்கட்டியை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். ஐஸை எடுக்க எடுக்கத்தான் காடி கெட்டியாகும். கையில் இருந்த சோளமெல்லாம் அந்தச் சாடிகளுக்குள் காடியாகக் கிடந்தது. விற்கிற வரைக்கும் அது வயிற்றுக்கு ஆகாது. வீட்டில் மிச்சம் ஒரு பானை மாவு. அவனும் மனைவி பைலானும் பனி உருகும் வரை அதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கூ பெங் வாசலில் வந்து நின்றான். ஓடு வேய்கிறவன், இவனைவிட நாலைந்து வயசு மூத்தவன். யென் தோங்கின் கூரை ஒழுகவில்லை என்றால் அது கூ பெங்கின் கைவேலை. அதற்கு ஒரு நாளும் கூலி கேட்டதில்லை, ஒரு குடுவை காடியோடு சரி. அறுவடை முடிந்த கையோடு அவன் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசு மகள் நுவான் நின்றாள்.

"என்ன தம்பி, ஐஸ் நல்லாக் கட்டியிருக்கா?"

"கட்டியிருக்குண்ணே. வாங்க, உள்ள வாங்க. கொழுக்கட்டை வெந்துக்கிட்டிருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம்."

"அட, வேண்டாம்ப்பா. இப்பத்தான் சாப்பிட்டோம்."

நுவான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பாவின் கை அவள் விரல்களை ஓர் அழுத்து அழுத்தியது. மூடிக்கொண்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா வெறும் வயித்தோட அனுப்புவேனா? வாங்கண்ணே."

"வயிறு ரொம்பிக் கெடக்குடா. நாங்க சும்மா இந்தப் பக்கமா வந்தோம்."

பக்கத்து வீட்டுக்காரன் 'இந்தப் பக்கமாக' வருவதற்கு அங்கே என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! பேசிக்கொண்டே கூ பெங் வாசற்படியில் செருப்பை மெல்லத் தட்டினான். ஒட்டியிருந்த பனி உதிர்ந்தது. உள்ளே வர நினைக்காதவன் செருப்புப் பனியைத் தட்ட மாட்டான். யென் தோங் அதைப் பார்த்தான். உள்ளே பைலான் கொழுக்கட்டைப் பாத்திரத்தின் மேல் மூடியை வைக்கிற சத்தமும் கேட்டது. பானையில் மாவு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது அவன் கண் முன்னே வந்து நின்றது. இவர்கள் இன்றைக்குத் தின்றால் போகட்டும். தின்ற பிறகு ஏதோ கேட்கப் போகிறான். அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. கேட்டால் மறுக்க முடியாது.

"சரிண்ணே, பாத்துப் போங்க. வழுக்குது."

கூ பெங் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு சிரித்தான். "ஆமாமா, வழுக்குது" என்றான்.

தெருவில் இறங்கிய பிறகும் நுவான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் காது இரண்டும் குளிரில் செக்கச் செவேலென்று இருந்தன. அதையும் அவன் பார்த்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தான். முதல் கொழுக்கட்டை தொண்டையிலேயே நின்றது. காடியை ஊற்றிக்கொண்டு பார்த்தான், இறங்கவில்லை.

"ரெண்டு தடவ கேட்டாச்சுல்ல? அப்புறமென்ன?" என்றாள் பைலான். "யாரு நம்மளக் குத்தம் சொல்ல முடியும்?"

"நான் ஏதாவது சொன்னேனா?"

"சொல்லல. மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டிருக்கீங்களே, அதுக்குச் சொன்னேன்." அவளும் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை, தெரு முழுக்க அதே பேச்சாகிவிட்டது. கூ பெங் மகளைக் கொடுத்துவிட்டான். அக்கரையில் கம்பளி அடிக்கிற வீடு. அவர்களுக்கு ஒரு மகன் இருக்கிறான், நாளைக்கு அவனுக்குக் கட்டிவைக்க இப்போதே மருமகளாக வளர்க்கிறார்களாம். பதிலுக்கு இரண்டு மூட்டை தினை. வருஷப் பிறப்பன்று அந்த வீட்டு முன்னோர் பெயர் எழுதிய பலகைகள் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டால் அவள் அந்த வீட்டுக்காரி. அப்புறம் பெற்றவன் போய் நின்றாலும் அவன் வெறும் விருந்தாளிதான்.

கிணற்றடியில் கயிறு திரிக்கிற அக்கா பைலானைப் பிடித்துக்கொண்டாள். அந்த அக்காவின் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். "ஏண்டி, சுவத்துக்குச் சுவர் ஒட்டின வீடு. ஒரு பச்சப் புள்ளைக்கு ஒரு வாய் போடலையா நீங்க?"

"எவ்வளவோ கூப்பிட்டோம்க்கா. அவருதான் வரல."

தண்ணீர் தூக்கிக்கொண்டு யென் தோங்கும் அங்கேதான் நின்றான். அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"மூணு தடவயும் கேட்டியா?"

இரண்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று என்று சொல்ல ஆகிற அதே நேரம்தான். "கேட்டேன்" என்றான்.

"அப்ப அவனுக்குத்தான் திமிரு. புள்ளய வித்துத் திங்கற பய, மூணு தடவ கூப்பிட்டும் வரலையா?" அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். பொழுது சாய்வதற்குள் அந்த வார்த்தை எல்லா வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. கூ பெங் நடந்து போனால் கதவுகள் சாத்திக்கொண்டன. யென் தோங்கைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார்கள். அந்தக் கூடுதல் வார்த்தைகள்தான் அவனைக் கொன்றன. தான் செய்தது பாவம் என்று அவனுக்குத் தெரிந்தது. மனுஷன் தூங்கவில்லை, தின்னவில்லை, சாடிகளில் ஐஸ் எடுக்க மறந்து ஒரு சாடி வெடித்தே போனது.

கடைசியில் பானையிலிருந்த மாவில் பாதியைத் துணியில் கட்டிக்கொண்டு கூ பெங் வீட்டுக்குப் போனான். பைலானேதான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

கூ பெங் அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கம்பளி வீட்டுத் தினை இரண்டு மூட்டையும் மூலையில் இருந்தன. ஒன்று வாயைக் கட்டியபடியே இருந்தது, இன்னொன்றில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"அண்ணே, இத வச்சுக்குங்க."

"வேண்டாம்டா."

"வச்சுக்குங்கண்ணே."

"வேண்டாம்னேன்ல."

"கால்ல விழறேண்ணே. வாங்கிக்குங்க."

"வேண்டாம்."

மூன்றாவது. இது நிஜம் என்று யென் தோங்குக்குப் புரிந்தது. கூ பெங் அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "இப்ப மட்டும் மூணு தடவ கேக்க வருது பாத்தியா உனக்கு!"

யென் தோங்குக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"அன்னிக்கு எதுக்கு வந்தேன் தெரியுமா?" என்றான் கூ பெங். "மலைப்பக்கம் நெலக்கரிக் குழியில ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னாங்க. பனி உருகற வரைக்கும் பாப்பாவ உன் வீட்ல விட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அவ என்னத்தத் தின்னுடப் போறா? ஒரு புடி. சாப்பிட்டு முடிச்சிட்டு, வாயத் தொடச்சிக்கிட்டு, மெதுவாக் கேக்கலாம்னு மனசுல வச்சிருந்தேன். ஒரு வாய் திங்காம வாசல்ல நின்னுக்கிட்டு அத எப்படிடா கேக்கறது? பிச்சக்காரன் மாதிரியா?"

"கேட்டிருக்கலாமேண்ணே."

"நீ கேட்டிருக்கலாமே."

கூ பெங் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"தினையத் தின்னுட்டீங்களா?" யென் தோங் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டான்.

"ஒரு நாள் தின்னேன். அப்புறம் எறங்கல. கொறஞ்சதுக்குத் தெருக் களஞ்சியத்துல கேட்டுப் போட்டு, ரெண்டு மூட்டையா நெரப்பித் திருப்பிக் குடுத்தா, பாப்பாவ விட்டுடுவாங்க. தலைவர்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன்."

"அப்ப இந்த மாவையே…"

"தெரு குடுத்தா வாங்கிக்குவேன். உன்கிட்ட வாங்க மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மூணு தடவ கேட்டேன்னு தெருவுல சொன்னியாமே."

யென் தோங் மாவு மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினான்.

"விடு. என்கிட்டயும் வந்து கேட்டாங்க. ஆமா, கேட்டான்னுதான் சொன்னேன். நீ ரெண்டோட நிறுத்திட்டன்னு தெரிஞ்சா உன் காடிய இங்க எவன் வாங்குவான்? பைலான் எப்படிக் கிணத்தடிக்குப் போவா? எனக்கென்னடா, நான் எப்படியும் குழிக்குப் போறவன்."

மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு யென் தோங் வீட்டுக்கு வந்தான். அது போகும்போது இருந்ததைவிடக் கனத்தது.

வருஷக் கடைசி மாதத்தில் ஒரு நாள் தெருவே சேர்ந்து கஞ்சி காய்ச்சும். தினை, பயறு, காய்ந்த இலந்தை, யார் வீட்டில் எது இருக்கிறதோ அதையெல்லாம் ஒரே அண்டாவில் போடுவார்கள். அன்றைக்குத்தான் தெருக் களஞ்சியமும் திறக்கும். நாதியற்றவர்களுக்கு அதிலிருந்து அளந்து கொடுப்பார்கள். நாதி இருந்தும் உதறியவனுக்குக் கிடையாது. அது களஞ்சியம் கட்டிய நாளிலிருந்து இருக்கிற முறை.

தெருத் தலைவர் ஷாங் அளவைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூ பெங் முன்னால் போய்க் குனிந்து வணங்கினான்.

"குறைஞ்ச தினைய ரொப்பிக் குடுத்தீங்கன்னா எம் பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன் தலைவரே. வருஷப் பொறப்புக்குள்ள."

"ஏம்ப்பா," என்றார் ஷாங், எல்லார் காதிலும் விழும்படி. "பக்கத்து வீட்டுக்காரன் மூணு தடவ கூப்பிட்டிருக்கான். மூணு தடவயும் தட்டிவிட்டுட்டு, பெத்த புள்ளயத் தினைக்குக் குடுத்திருக்க. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருத் தினையக் கேக்கற? யென் தோங் மூணு தடவ கேட்டானா இல்லையா? அத மொதல்ல சொல்லு."

கூ பெங் திரும்பிப் பார்க்கவில்லை. "கேட்டான். எனக்குத்தான் திமிரு. தப்புதான் தலைவரே."

"அப்ப போ. அடுத்தவன் யாரு?"

யென் தோங்கின் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. பின்னாலிருந்து யாரோ அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். பேசாமல் இருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. தெரிந்த ஒரே ஆளும் இப்போதுதான் அவனுக்காகப் பொய் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்கிறான். முதுகில் அந்தக் கை இன்னும் இருந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு தடவதான்."

"என்னது?" என்றார் ஷாங்.

"ரெண்டு தடவதான் கேட்டேன். மூணாவது தடவ கேக்கல."

"அவன் எனக்காக ஏதோ உளர்றான் தலைவரே," கூ பெங் பதறிக்கொண்டு திரும்பி வந்தான். "கேட்டான். நெஜமாக் கேட்டான்."

"கேக்கலண்ணே!" யென் தோங் கத்தியே விட்டான். கிண்ணத்திலிருந்து கஞ்சி சிந்தியது. "நீங்க படியில செருப்புப் பனியத் தட்டினீங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பாத்துப் போங்கன்னு சொன்னேன். புள்ளைக்குப் பசின்னு தெரியும் எனக்கு. மாவு தீந்துடும்னு பயந்து நிறுத்திட்டேன். அப்புறம் உங்ககிட்ட எல்லாம் பொய்யும் சொன்னேன்."

இரண்டா மூன்றா என்பதில் பொய் இருக்கலாம். செருப்புப் பனி எப்படிப் பொய்யாகும்? அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. முதுகிலிருந்த கை தானாக இறங்கியது.

"அடப் பாவி," என்றாள் கயிறு திரிக்கிற அக்கா. ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

ஷாங் வந்து அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். "வருஷா வருஷம் தெரு விருந்துக்கு உன் வீட்டுக் காடிதான் மொதல்ல வரும். இனிமே வேண்டாம்." பிறகு களஞ்சியத்துக்குள் போய், குறைந்ததை ரொப்பி, மேலே இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார். கூ பெங் இரண்டு கையாலும் வாங்கினான். யென் தோங்கை யாரும் பார்க்கவில்லை, ஏசவும் இல்லை. எல்லாரும் அவன் அங்கே இல்லாத மாதிரி கஞ்சி குடித்தார்கள். அது அவனுக்கு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் யென் தோங் காடிச் சாடி ஏற்றுகிற சறுக்கு வண்டியைக் கூ பெங் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். கூ பெங் வண்டியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். மூட்டைகளை ஏற்றினான். உறைந்த ஆற்றின் மேல் ஒருவன் இழுக்க, ஒருவன் தள்ள, அக்கரைக்குப் போனார்கள்.

கம்பளி அடிக்கிற வீட்டுக்காரி கெட்டவளில்லை. தினையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க, பெத்தவன் மனசு மாறினா நாங்க என்ன சொல்றது?" என்றாள். "நல்ல பொண்ணு. ஒரு தொந்தரவு கெடையாது. எதக் குடுத்தாலும் வேண்டாம், சாப்பிட்டாச்சுன்னுதான் சொல்லும். நாங்களும் சரின்னு விட்டுடுவோம்."

யென் தோங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நுவான் கதவோரமாக நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நடந்து வந்து, பெரிய மனுஷி மாதிரிக் குனிந்து வணங்கிவிட்டு, அப்புறம்தான் அவன் கையைப் பிடித்தாள். கூ பெங் அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான். திரும்பும்போது யென் தோங்தான் இழுத்தான். அழுததை யாரும் பார்க்காமல் இருக்க முன்னால் போவதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் பைலான் யாரும் சொல்லாமலே, இருந்த மாவையெல்லாம் பிசைந்து வைத்திருந்தாள். கறி இல்லை, முட்டைக்கோஸ்தான். இவர்கள் வாசலுக்கு வரும்போது பாத்திரத்தைத் திறந்தே வைத்திருந்தாள்.

"அண்ணே, சாப்பிட வாங்க" என்றான் யென் தோங்.

கூ பெங் படியில் செருப்பைத் தட்டினான், நன்றாகச் சத்தம் வரும்படி. "வரேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தான். யென் தோங் விழித்ததைப் பார்த்து, "என்னடா பாக்கற? என்னோட மூணு வேண்டாமும் மாவு மூட்டையோட தீந்துபோச்சு" என்றான். பைலான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

யென் தோங் ஒரு கிண்ணம் நிறையக் கொழுக்கட்டை வைத்து, மேலே தன் காடியை ஊற்றி, நுவான் முன்னால் வைத்தான்.

"சாப்பிடுடா கண்ணு."

"வேண்டாம் சித்தப்பா. சாப்பிட்டாச்சு."

அவள் கைகள் மடியில் இருந்தன. அன்றைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்த கண் இன்றைக்குக் கிண்ணத்தின் பக்கமே போகவில்லை.

"சித்தி உனக்காகத்தான் செஞ்சா. சாப்பிடும்மா."

"வயிறு ரொம்பி இருக்கு சித்தப்பா."

கூ பெங் சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். யென் தோங் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "கண்ணு, ஒண்ணே ஒண்ணு. சித்தப்பாவுக்காக."

"வேண்டாம்."

மூன்றாவது வேண்டாம் நிஜம், அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. தெருவில் எவனாக இருந்தாலும் இங்கே நிறுத்தியிருப்பான். யென் தோங் நிறுத்தவில்லை. மறுபடியும் கேட்டான். கிண்ணத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

நுவான் அப்பாவின் கையைப் பார்த்தாள். அது அவள் விரல்மேல் இல்லை, தூரமாகத்தான் இருந்தது. பிறகு யென் தோங்கின் முகத்தைப் பார்த்தாள்.

"சித்தப்பா, நெஜமாவா கேக்கறீங்க?"

"ஆமாடா" என்றான்.

அவள் அசையவில்லை.

"ஆமா கண்ணு, நெஜமாத்தான்."

அப்போதும் கையை எடுக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது. மூன்றாவது தடவையும் சொன்னான்.